நீருக்குள் கண்ட ஜெல்லிமீன் எது? புதியவர்கள் அடையாளம் காண ஒரு வழிகாட்டி

ஸ்நோர்கெலிங் பழகத் தொடங்கிய காலத்தில் ஒரு நாள் ஜெல்லிமீன் ஒன்றை நெருக்கத்தில் பார்த்தேன். நீர்மட்டத்தில் குப்புற மிதந்தபடியே பதினோரு படங்கள் எடுத்தேன். கரையேறியதும், கடல் உயிரினங்களை நன்கு அறிந்த ஒருவரிடம் அவற்றைக் காட்டினேன். அவர் மூன்றே கேள்விகள் கேட்டார். குடையின் விளிம்பிலிருந்து இழைகள் தொங்கினவா? தொங்கின என்றால் எத்தனை? நடுவிலிருந்து தொங்கியவை எந்த வடிவில் இருந்தன? ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. எல்லாப் படங்களும் மேலிருந்து எடுத்தவை. பதினொன்றிலும் இருந்தது இளம் ஊதா நிறத்தில் ஒரு வட்டம், அவ்வளவுதான். அதன் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

புதியவர்கள் பலரும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். நிறம் கண்ணைப் பறிக்கிறது. கரைக்கு வந்ததும் நிறத்தை வைத்தே தேடத் தொடங்குகிறார்கள். நூறு படங்களைப் புரட்டிவிட்டு, ஏறக்குறைய ஒத்துப்போகும் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஜெல்லிமீனைப் பொறுத்தவரை நிறம் கடைசிச் சாட்சி. இழைகள் எங்கிருந்து புறப்படுகின்றன என்பதே முதல் சாட்சி. இந்த வரிசையை மட்டும் மாற்றிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சொறிமீன், இழுதுமீன் என்றெல்லாம் தமிழில் பெயர் உண்டு. இங்கே ஜெல்லிமீன் என்றே எழுதுகிறேன். அதன் உடலில் மூன்று பகுதிகளுக்கு மட்டும் பெயர் தெரிந்தால் போதும். விரிந்து சுருங்கும் மேற்பகுதி குடை. அதிலிருந்து நூல்போலத் தொங்குபவை கொட்டும் இழைகள். குடையின் அடியில், வாயைச் சுற்றி நடுவிலிருந்து இறங்குபவை வாய்க்கரங்கள். இழையையும் வாய்க்கரத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் அடையாளம் காணும் வேலையில் பாதியைக் கற்றுவிட்டார் என்றே சொல்வேன்.

முதலில் தூரம்

ஜெல்லிமீனைக் கண்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அசைவதை நிறுத்திவிட்டுச் சுற்றிலும் பார்ப்பது. ஒன்று இருக்கும் இடத்தில் பெரும்பாலும் பல இருக்கும். கண்கொட்டாமல் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது கொட்டாது. முதுகுக்குப் பின்னால் மிதந்து வருவதுதான் கொட்டும்.

குடை முன்னே செல்ல, இழைகள் பின்னே இழுபடும். ஆகவே குடையின் பக்கவாட்டிலோ முன்புறமோ இருங்கள், பின்புறம் போகாதீர்கள். குடையின் அளவைப் பார்த்து இழையின் நீளத்தைக் கணிக்கவும் முடியாது. 1865இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையோரம் அளக்கப்பட்ட சிங்கப்பிடரி ஜெல்லிமீன் ஒன்றுக்குக் குடை ஏறத்தாழ 2 மீட்டர் அகலம். இழைகளோ 36 மீட்டருக்கும் மேல். கடலில் நீங்கள் காண்பவை அதைவிட மிகச் சிறியவையாகவே இருக்கும். ஆனால் இழை குடையைப்போலப் பல மடங்கு நீளலாம் என்ற கணக்கு அவற்றுக்கும் பொருந்தும். தெளிந்த நீரிலும் இழையின் கடைசிப் பகுதி கண்ணுக்குத் தெரியாது. குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளியிருப்பது என் வழக்கம். நீண்ட இழைகள் கண்ணில் பட்டால் அதைவிட அதிகம்.

தொடவே வேண்டாம். அறுந்து மிதக்கும் இழைத் துண்டும், கரையொதுங்கி இறந்துகிடக்கும் ஜெல்லிமீனும்கூடக் கொட்டும். கொட்டும் செல்கள் வேலை செய்ய அந்த உயிர் உயிரோடிருக்க வேண்டும் என்ற தேவை இல்லை. சில சமயம் தொடவும் வேண்டியதில்லை. ஆழமற்ற நீரில் தரையில் தலைகீழாகப் படுத்திருக்கும் காசியோபியா, கொட்டும் செல்கள் நிறைந்த மிக நுண்ணிய உருண்டைகளைச் சளியோடு சேர்த்து நீரில் விடுகிறது. அதற்கு மேலே நீந்துபவருக்குக் காரணம் புரியாமலே தோல் எரியும். அவற்றின் மேலே துடுப்புக் காலணியால் நீரைக் கலக்காதீர்கள். உடல் முழுவதையும் மூடும் மெல்லிய நீச்சல் உடை ஒன்று இருந்தால், பயமில்லாமல் நிதானமாகப் பார்க்க முடியும். நிதானமாகப் பார்த்தால்தான் எண்ண முடியும்.

அது ஜெல்லிமீன்தானா?

கண்ணாடிபோல இருப்பதெல்லாம் ஜெல்லிமீன் இல்லை. தேடத் தொடங்குமுன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தவறான அறையில் விளக்கேற்றித் தேடுவதாக முடியும்.

உடலின் நீளவாக்கில் எட்டுக் கோடுகள் ஓடி, அவற்றில் வானவில் நிறங்கள் அலையலையாக நகர்ந்தால் அது சீப்பு ஜெல்லி. ஜெல்லிமீன்களோடு அல்லாமல் வேறொரு தொகுதியில் வைக்கப்பட்டிருக்கும் உயிர் அது. குடைபோல விரிந்து சுருங்காது. அந்த எட்டு வரிசைகளிலும் உள்ள நுண்மயிர்கள் துடுப்புப் போடுவதால் வழுக்கிக்கொண்டு நகரும். நிறங்கள் அதன் சொந்த ஒளி அல்ல, மயிர் வரிசைகளில் பட்டுச் சிதறும் வெயில். சீப்பு ஜெல்லிகள் மனிதரைக் கொட்டுவதில்லை.

இரு முனைகளும் திறந்த சிறு பீப்பாய்போல, உடலைச் சுற்றிப் பட்டை பட்டையாகத் தசை வளையங்களோடு, உள்ளே ஒரு கரும்புள்ளியோடு இருந்தால் அது சால்ப். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மீட்டர் கணக்கில் சங்கிலியாகவும் மிதக்கும். பார்க்க ஜெல்லிபோல இருந்தாலும், உறவுமுறையில் அது முதுகெலும்புள்ள நமக்குத்தான் நெருக்கம். அதுவும் கொட்டாது. ஆனால் சங்கிலியாக மிதப்பவற்றில் சைஃபனோஃபோர் எனப்படும் கூட்டுயிர்களும் உண்டு, அவை கொட்டும். எது எது என்று உறுதியாகத் தெரியும்வரை எல்லாச் சங்கிலிகளையும் கொட்டுபவையாகவே கருதுங்கள்.

நீருக்கு மேலே காற்றடைத்த நீல ஊதாப் பை ஒன்று தெரிந்தால் அது போர்த்துக்கீசியப் போர்க்கப்பல் என்று அழைக்கப்படும் ஃபைசாலியா. ஓர் உடல்போலத் தோன்றினாலும், வெவ்வேறு வேலை செய்யும் பல உறுப்பினர்கள் சேர்ந்த கூட்டுயிர் அது. சைஃபனோஃபோர் வகையைச் சேர்ந்தது. பை கைப்பிடிக்குள் அடங்கும் அளவாக இருந்தாலும் இழைகள் பத்து மீட்டர் வரை சாதாரணமாகத் தொங்கும். காற்று தள்ளிக்கொண்டு வருவதால் அது வரும் திசையையும் காற்றை வைத்தே கணிக்கலாம். காற்று உங்களை நோக்கி வீசினால் வெளியேறிவிடுங்கள். நீலத் தட்டின் மேல் சிறு பாய் விரித்ததுபோல இருந்தால் வெலெல்லா. நாணயம்போன்ற வட்டத்தைச் சுற்றி நீலக் குஞ்சம் தொங்கினால் போர்பிட்டா. இவை இரண்டும் நீர்ப்பரப்பில் மட்டுமே மிதப்பவை. இவற்றின் அடையாளம் அத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடும்.

இழைகள் எங்கிருந்து புறப்படுகின்றன?

மேலே சொன்ன எதுவும் இல்லை, குடை விரிந்து சுருங்குகிறது, அடியில் ஏதோ தொங்குகிறது என்றால் ஜெல்லிமீன்தான். இப்போது பக்கவாட்டுக்கு நகர்ந்து, குடையின் விளிம்பை மட்டும் பாருங்கள். நிறம், அழகு, அதன் நடுவே ஒளிந்திருக்கும் மீன்குஞ்சு எல்லாம் பிறகு.

இழைகள் நான்கு மூலைகளிலிருந்து மட்டும் புறப்படுகின்றனவா? குடை வட்டமாக இல்லாமல் பெட்டிபோலச் சதுரமாக இருக்கிறதா? அப்படியென்றால் அது பெட்டி ஜெல்லிமீன். அடையாளம் காணும் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு நீரை விட்டு வெளியேறுங்கள். கூட வந்தவர்களையும் அழையுங்கள். உலகின் மிக ஆபத்தான கொட்டுயிர்களில் சில இந்த வகுப்பில் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் வடக்குக் கடல்களில் வாழும் சைரோனெக்ஸ் ஃப்ளெக்கரிக்கு ஒவ்வொரு மூலையிலும் 15 இழைகள் வரை இருக்கும். அதன் நஞ்சு அதிக அளவில் ஏறினால் சில நிமிடங்களில் இதயத்தை நிறுத்திவிடும். அதே கடல்களில் உள்ள கருக்கியா பார்னெசியின் குடை ஒரு சென்டிமீட்டர் அளவுதான். மூலைக்கு ஒன்றாக நான்கே இழைகள். கொட்டிய இடத்தில் முதலில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஏறக்குறைய அரை மணி நேரம் கழித்துத்தான் முதுகுவலி, தசைப்பிடிப்பு, வாந்தி, உயர் இரத்த அழுத்தம் என்று தொடங்கும். இந்த நோய்க்குறிகளுக்குக் காரணம் அந்தச் சிறு உயிர்தான் என்று காட்ட, ஜாக் பார்ன்ஸ் என்ற மருத்துவர் 1961இல் அதைத் தன் மேலேயே கொட்டவைத்துப் பார்த்தார். இனத்தின் பெயரில் இருப்பது அவர் பெயர்.

பெட்டி ஜெல்லிமீனைத் தூரத்திலிருந்தே சந்தேகிக்க இன்னொரு குறிப்பு உண்டு. மற்ற ஜெல்லிமீன்கள் மெல்ல விரிந்து சுருங்கி, நீரோட்டம் போகும் போக்கில் போகும். பெட்டி ஜெல்லிமீன் வேகமாக, ஒரு திசையைத் தேர்ந்தெடுத்ததுபோல நீந்தும். தடையைக் கண்டால் விலகிப் போகும். அதற்கு 24 கண்கள் இருக்கின்றன.

இழைகள் விளிம்பு முழுவதும் வரிசையாகத் தொங்குகின்றன, நடுவில் நான்கு வாய்க்கரங்கள் சுருக்கம் வைத்துத் தைத்த துணியின் ஓரம்போல அலைகின்றன என்றால், அது கொடிவாய் ஜெல்லிமீன்கள் என்ற வரிசையைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். நிலா ஜெல்லி, திசைகாட்டி ஜெல்லிமீன், பெலாஜியா எல்லாம் இந்த வரிசைதான். சிங்கப்பிடரியும் இதில்தான் அடங்கும். அதற்கு மட்டும் இழைகள் விளிம்பிலிருந்து புறப்படாமல், சற்று உள்ளே தள்ளி, குடையின் அடியில் எட்டுக் கற்றைகளாகப் புறப்படும்.

விளிம்பில் ஓர் இழைகூட இல்லையா? அடியில் எட்டு வாய்க்கரங்கள் தடித்து, பூக்கோசுபோலச் சுருண்டு, சில சமயம் தடிபோன்ற நுனிகளோடு தொங்குகின்றனவா? அது வேர்வாய் ஜெல்லிமீன்களின் வரிசை. ரைசோஸ்டோமா, வெண்புள்ளிகள் கொண்ட பைலோரைசா, தலைகீழாகப் படுக்கும் காசியோபியா எல்லாம் இங்கேதான். பெரிய, கனத்த, கெட்டியான குடை கொண்ட ஜெல்லிமீனைக் கண்டால் முதலில் இந்த வரிசையை நினைத்துக்கொள்வேன். விளிம்பில் இழை இல்லை என்று உறுதி செய்ய ஒரே வழி, பக்கவாட்டிலிருந்து விளிம்பு தெளிவாகத் தெரியும் ஒரு படம்.

கடைசியாக, விரல்நுனி அளவில் கண்ணாடி மணிபோல ஒன்று. உள்ளே குறுக்காக நான்கு மெல்லிய கோடுகள். விளிம்பின் உட்புறம் வாயிலை ஒடுக்கும் மெல்லிய சவ்வு. இவை ஹைட்ரோசோவா வகுப்பைச் சேர்ந்த சிறு ஜெல்லிகள். நீருக்குள் வெறும் கண்ணால் இவற்றைச் சிற்றினம் வரை பிரிப்பது பெரும்பாலும் முடியாத காரியம். வகுப்பின் பெயரோடு குறித்துவைத்துவிட்டு அடுத்ததற்கு நகருங்கள்.

எண்ணிக்கை

வரிசை தெரிந்த பிறகு எண்ணத் தொடங்குங்கள். ஜெல்லிமீனின் உடல் பெரும்பாலும் நான்கின் மடங்கில் அமைந்தது. ஆகவே முழு விளிம்பையும் சுற்றி எண்ண வேண்டாம். ஒரு கால் பகுதியில் எத்தனை இழைகள் என்று பார்த்து நான்கால் பெருக்குங்கள். குடை சுழன்றுகொண்டே இருக்கும்போது இதுவே நடக்கக்கூடிய வழி.

இந்த எண்ணிக்கை எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு ஒரு சான்று. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காணும் கிரைசயோரா ஜெல்லிமீன்களை நெடுங்காலம் ஒரே சிற்றினமாகக் கருதினார்கள். 2017இல் வெளிவந்த ஆய்வு அவற்றை இரண்டாகப் பிரித்தது. திறந்த கடலில் வாழ்வதற்குப் பழைய பெயரான கிரைசயோரா குயின்குவெசிர்ரா நிலைத்தது. செசபீக் விரிகுடா போன்ற கழிமுகங்களில் வாழ்வது கிரைசயோரா செசபீக்கி ஆனது. மரபணுவோடு சேர்ந்து அந்தப் பிரிவினையைத் தாங்கிய வெளி அடையாளங்களில் ஒன்று இழைகளின் எண்ணிக்கை. முதலாவதற்கு ஏறக்குறைய 40, இரண்டாவதற்குப் பெரும்பாலும் 24.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. இழைகள் அறுந்துபோகும். குட்டிகளுக்குக் குறைவாக இருக்கும். ஐரோப்பியக் கடல்களின் திசைகாட்டி ஜெல்லிமீனுக்கு வளர்ந்த நிலையில் 24 இழைகள், இளமையில் எட்டுதான். பெலாஜியா நாக்டிலூகாவுக்கோ வளர்ந்த பிறகும் எட்டே இழைகள். எட்டு என்று எண்ணியதும் பெலாஜியா என்று முடிவு கட்டினால் தவறிவிடலாம். குடையின் மேற்பரப்பு இங்கே கைகொடுக்கும். பெலாஜியாவின் குடை முழுவதும் சிறு பருக்கள் இருக்கும். அவை கொட்டும் செல்களின் கொத்துகள்.

அந்தப் பருக்களை நான் முதன்முதலில் பார்த்தது காற்றே இல்லாத ஒரு காலையில். முழங்கால் ஆழ நீர் திடீரென்று ஆழமாகும் பாறை விளிம்பில், இளஞ்சிவப்புக் குடை ஒன்று என் கண் மட்டத்திலேயே வந்து நின்றது. உள்ளங்கையைவிடச் சிறியது. பக்கவாட்டில் வெயில் விழுந்ததால் குடையின் மேல் ஒவ்வொரு பருவும் தன் நிழலோடு தனித்தனியாகத் தெரிந்தது. மணல்தாளைப் பார்ப்பதுபோல இருந்தது. விளிம்பில் ஒரு கால் பகுதியில் இரண்டு இழைகள், பாதியில் நான்கு. இழைகள் சுருங்கும்போது நூல்கண்டுபோலத் திரண்டன, நீளும்போது மறைந்தே போயின. நடுவில் நான்கு வாய்க்கரங்கள், ஓரம் முழுவதும் சுருக்கம். எட்டு இழை, நான்கு கரம், பரு நிறைந்த குடை. நிறத்தைப் பற்றி நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. பெயர் அதற்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. முதல் நாள் எடுத்த பதினோரு படங்களும் தராத பதிலை அரை நிமிடப் பார்வை தந்தது.

குடையில் படிக்க வேண்டியவை

மேற்பரப்பு வழவழப்பா, பருவா, நடுவில் மேடு உண்டா என்று பாருங்கள். விளிம்பு நேராக இருக்கிறதா, மடல் மடலாக வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே தெரியும் உறுப்புகளையும் பாருங்கள். நிலா ஜெல்லியின் நடுவில் குதிரை லாடம்போன்ற நான்கு வளையங்கள் தெரியும். அவை இனப்பெருக்க உறுப்புகள். குட்டையான மெல்லிய இழைகள் விளிம்பில் குஞ்சம்போல அடர்ந்திருக்கும். இந்த இரண்டும் சேர்ந்தால் அவுரேலியா பேரினம் என்று துணிந்து சொல்லலாம். லாடங்கள் நான்குதான் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். மூன்றோ ஐந்தோ ஆறோ கொண்டவையும் இயற்கையில் பிறக்கின்றன.

அளவைக் குறிக்கும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். முகக்கண்ணாடி வழியே நீருக்குள் பார்ப்பவை மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், நாலில் ஒரு பங்கு நெருக்கமாகவும் தோன்றும். கண்ணுக்கு 20 சென்டிமீட்டராகத் தெரிந்த குடை உண்மையில் 15தான் இருக்கும். அதே தூரத்தில் உள்ள வேறொரு பொருளோடு ஒப்பிட்டால் இந்தப் பிழை நீங்கிவிடும். துணைக்கு வந்தவரின் துடுப்புக் காலணி, தரையில் கிடக்கும் கிளிஞ்சல், எதுவானாலும் சரி. கரைக்கு வந்ததும் அந்தப் பொருளை அளந்துகொள்ளலாம். ஒப்பிடுவதற்காகக் கையைக் குடையருகே நீட்டாதீர்கள்.

இனி நிறம். அதை ஏன் கடைசியில் வைக்கிறேன் என்றால், ஒரே சிற்றினம் பல நிறங்களில் வருகிறது. ஒரே விரிகுடாவில் ஒன்றையொன்று தொட்டபடி படுத்திருக்கும் காசியோபியாக்களில் ஒன்று பழுப்பு, ஒன்று நீலம், ஒன்று பச்சை. உடலுக்குள் வாழும் நுண்பாசிகளும், அப்போது தின்ற இரையும் சாயலை மாற்றுகின்றன. நீர் செந்நிறத்தை விரைவில் விழுங்கிவிடுவதால், சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிப் பழுப்பாகத் தெரியும். நிறத்தைவிடக் கோலத்தை நம்பலாம். திசைகாட்டி ஜெல்லிமீனின் குடையில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஆரம்போல விரியும் 16 பழுப்பு முக்கோணக் குறிகள், அதன் சாயல் எப்படி மாறினாலும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

படம் எடுப்பது

நான்கு படங்கள் போதும். நான்கும் நான்கு இடத்திலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து முழு உடல், மேலிருந்து குடை, முடிந்தால் சற்று ஆழத்தில் இறங்கி, கீழ்ப்பக்கவாட்டிலிருந்து அடிப்பகுதி, நான்காவது விளிம்பின் நெருக்கப் படம். நான்கில் ஒன்றுதான் எடுக்க முடியும் என்ற நிலை வந்தால் பக்கவாட்டுப் படத்தை எடுங்கள். அடிப்பகுதியை எடுக்க இறங்கும்போது நேர் கீழே போகாதீர்கள். இழைகள் தொங்குவது அங்கேதான்.

கண்ணாடி உடலில் கேமராவின் குவியம் நிற்காது, பின்னால் உள்ள பாறைக்குப் போய்விடும். பாறையின் நிழல் அல்லது ஆழ்நீலம் பின்னணியாக வரும்படி உங்கள் இடத்தை மாற்றுங்கள். வெயில் பக்கவாட்டிலிருந்து விழட்டும். ஃபிளாஷ் வேண்டாம், நீரில் மிதக்கும் துகள்களை அது பனிப்புயலாக்கிவிடும். எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது காணொளி. இருபது விநாடிக் காணொளியில் குடை பல முறை விரிந்து சுருங்கும், உடல் பாதியாவது திரும்பும். கரையில் உட்கார்ந்து காட்சி காட்சியாக நிறுத்தி இழைகளை எண்ணலாம். துடிப்பின் வேகமும் பதிவாகிவிடும்.

படத்தில் வராதவற்றை நீரை விட்டு வந்த உடனே எழுதுங்கள். நாள், நேரம், இடம், ஆழம், ஒன்றா கூட்டமா, நீந்தியதா தரையில் கிடந்ததா, அடியில் மணலா கடற்புல்லா பவளமா. முழுநிலவு கழிந்து எத்தனை நாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹவாய்க் கரையோரத்தில் அலாட்டினா அலாட்டா என்ற பெட்டி ஜெல்லிமீன், முழுநிலவுக்குப் பின் 8 முதல் 10 நாள்களுக்குள் கூட்டமாகக் கரைக்கு வருகிறது. ஒரு மணி நேரம் தாமதித்தாலும் நினைவு நிறத்தை மட்டுமே வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டுவிடும்.

கொட்டிவிட்டால்

அடையாளம் காண்பது இங்கே சிகிச்சைக்கும் உதவுகிறது. அதனால் படத்தை அழித்துவிடாதீர்கள். முதலில் நீரை விட்டு வெளியேறுங்கள். கொட்டிய இடத்தைத் தேய்க்காதீர்கள், நன்னீர் ஊற்றாதீர்கள், சிறுநீர் ஊற்றும் பழக்கத்தை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கடல்நீரால் அலசி, ஒட்டியிருக்கும் இழைகளைச் சாமணத்தால் எடுங்கள். பெட்டி ஜெல்லிமீன்கள் வாழும் வெப்பமண்டலக் கரைகளில் குறைந்தது 30 விநாடி வினிகர் ஊற்றச் சொல்கிறார்கள். இன்னும் வெடிக்காத கொட்டும் செல்களை அது முடக்கிவிடும். ஏறியுள்ள நஞ்சை அது நீக்காது. எல்லா இனங்களுக்கும் வினிகர் பொருந்தாது என்பதால், அந்தக் கரையின் உயிர்காப்பாளர் சொல்வதையே பின்பற்றுங்கள். பல இனங்களின் வலிக்கு, ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடமாவது வைத்திருப்பது ஆறுதல் தரும். தோல் வெந்துவிடாமல், கொட்டுப்படாத கையால் சூட்டைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், பரவும் தசைப்பிடிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே அவசர மருத்துவ உதவி. மூச்சும் துடிப்பும் நின்றால், உதவி வரும்வரை மார்பை அழுத்தும் முதலுதவியை நிறுத்தக் கூடாது.

பெயரைத் தேடுவது

கையில் இப்போது நான்கு படங்களும் சில எண்களும் இருக்கின்றன. மேலிருந்து கீழே வாருங்கள். வகுப்பு, வரிசை, பிறகு குடும்பம், பேரினம், முடிந்தால் சிற்றினம். ஒவ்வொரு படியிலும் எந்த அடையாளத்தை வைத்து அங்கே வந்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். பின்னால் தவறு தெரியவந்தால் எந்தப் படியில் வழி மாறினீர்கள் என்பது விளங்கும்.

உயிரினங்களின் படங்களைப் பொதுமக்கள் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையத் தளத்தில் படத்தை ஏற்றினால் கணினி ஒரு பெயரை முன்மொழியும். அதை விடையாக எடுத்துக்கொள்ளாமல், சோதித்துப் பார்க்க வேண்டிய ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது சொன்ன இனத்துக்கு எத்தனை இழைகள் என்று பார்த்து, உங்கள் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால் கணினியைவிட உங்கள் எண்ணிக்கையை நம்புங்கள். நான்கு படங்களையும் ஒரே பதிவில் சேர்த்து, எண்ணியதைக் குறிப்பில் எழுதினால், ஜெல்லிமீன் அறிந்தவர்கள் பதில் சொல்லும் வாய்ப்பு கூடும். கிடைத்த பெயரை வோர்ம்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலகக் கடலுயிர்ப் பதிவேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய கையேடுகளில் உள்ள பெயர்கள் பல இன்று மாறிவிட்டன. இன்று செல்லுபடியாகும் பெயர் எது என்று அது காட்டும்.

பரவல் வரைபடத்தையும் பாருங்கள், ஆனால் அதை இறுதித் தீர்ப்பாக்காதீர்கள். வேர்வாய் வரிசையைச் சேர்ந்த ரோபிலேமா நொமாடிகா சூயஸ் கால்வாய் வழியே மத்தியதரைக் கடலுக்குள் புகுந்தது. நெமியோப்சிஸ் என்ற சீப்பு ஜெல்லி 1980களில் கருங்கடலுக்குள் வந்து பெருகியது. கப்பல்கள் நிலைப்புக்காகச் சுமந்துவரும் நீரே அதைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. இந்த இடத்தில் இதுவரை பதிவாகாத இனம் என்று தோன்றினால், உங்கள் அடையாளங்களை இரண்டாம் முறை சரிபாருங்கள். பிறகும் அவை நின்றால் பதிவு செய்யுங்கள்.

சிற்றினம் வரை போக முடியவில்லை என்றால் வருந்தாதீர்கள். நிலா ஜெல்லிகள் பலவற்றை மரபணு பார்க்காமல் பிரிக்க முடியாது என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். ‘அவுரேலியா பேரினம்’ என்று எழுதி நிறுத்துவது நேர்மையான, பயனுள்ள விடை. ஊகித்து எழுதிய சிற்றினப் பெயர் அடுத்து வருபவரையும் தவறான வழிக்கு இழுத்துவிடும். ஃபைசாலியாவை உலகம் முழுவதும் ஒரே சிற்றினம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 2025இல் வெளிவந்த ஆய்வு அதில் நான்கு சிற்றினங்கள் இருப்பதாகக் காட்டியது. மரபணுத் தரவுகளோடு அந்த ஆய்வு பயன்படுத்தியது, கடற்கரைக்குப் போனவர்கள் ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றியிருந்த படங்களை. ஏற்றியவர்களில் பலருக்கு அன்று சரியான சிற்றினப் பெயர் தெரிந்திருக்க வழியில்லை. தெளிவான படமும் நாளும் இடமும் இருந்ததே போதுமானதாக இருந்தது.

பெயர் கிடைக்காத பதிவு கையில் இருந்தால், அடுத்த வாரமும் அதே இடத்துக்கு, அதே நேரத்தில் போங்கள். ஜெல்லிமீன்கள் பெரும்பாலும் பருவம் பிடித்து வரும். ஒன்று வந்த இடத்தில் சில வாரங்கள் அதே இனம் தொடர்ந்து கண்ணில் படுவது வழக்கம், ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் பெரிதாகி. சென்ற வாரம் எட்டு இழைகளோடு இருந்தது இந்த வாரம் இருபத்துநான்கோடு வரலாம். போகுமுன், பழைய படங்களில் எது தெரியவில்லை என்று பார்த்து, அந்த ஒரு கேள்வியை மட்டும் எழுத்துப் பலகையில் பென்சிலால் குறித்துக்கொண்டு நீரில் இறங்குங்கள்.